பொறுப்பு அம்மா

நம்மால் போக முடியாத இடத்துக்கு நமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் நல்லவராகத்தான் இருந்திருப்பார். அந்த மனிதர் அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் யோசனையைக் கட்டிக்காக்க ஓர் அலுவலகத்தையும் வைத்துவிட்டுப் போனார். அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

அதன் பெயர் பதிலாள் நியமன அலுவலகம். திருமணப் பதிவு அலுவலகத்துக்கு அடுத்த கதவு. உள்ளே ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் இரண்டு நாற்காலிகள் இருக்கும். ஒன்று பெரியது, முதுகில் வெள்ளைத் துண்டு போட்டது. அதில் யாரும் உட்காருவதில்லை. பக்கத்திலேயே ஒரு மர நாற்காலி. அதிகாரி அதில்தான் உட்கார்ந்திருப்பார். பெரிய நாற்காலி பதவிக்கு உரியவருடையது, மர நாற்காலிக்காரர் அவருக்குப் பதில் 'பொறுப்பு'. உரியவர் எங்கே என்று கேட்டால், அவர் வேறோர் அலுவலகத்தில் வேறொருவருக்குப் பொறுப்பாக இன்னொரு மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் கிடைக்கும். இப்படியே விசாரித்துக்கொண்டு போனால் கடைசியில் யாராவது ஒருவர் தன் சொந்த நாற்காலியில் இருந்துதானே ஆகவேண்டும்? அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

இந்த அறைக்கு ஒரு திங்கட்கிழமை பஸ் டிரைவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம். பெண் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜின் மெக்கானிக். கடைவாய்ப் பல் வலி என்று அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவன். "பல்லைப் பிடுங்கப் போனவன் மனசையும் சேர்த்துக் குடுத்துட்டு வந்துட்டான்" என்று டிரைவரின் மனைவி தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அவனை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்புகிறது. திருமணச் சான்றிதழ் இருந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் அவன் மட்டும் போவான், திரும்ப ஒன்றரை வருஷம் ஆகும். சான்றிதழுக்கு இரு பக்கத்துத் தாயும் தந்தையும் உயிரோடு இருந்தால் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் அலுவலகத்துக்கு எந்தத் தொந்தரவும் வைக்கவில்லை. டிரைவரின் மனைவிதான் தொந்தரவு வைத்தாள். மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறி, தவறி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு மூன்றாவது மாடி வீட்டில் படுத்திருந்தாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"அதுக்கென்ன, பதிலாள் போட்டுடலாம்" என்றார் பொறுப்பு இயக்குநர். அவர் ரொம்ப நல்ல மனிதர். கெட்டது செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை.

"என் கொழுந்தியா வந்து சொல்லட்டுமா சார்? பொண்ணுக்குச் சித்தி. சின்னதுல இருந்து தூக்கி வளர்த்தவ."

"ஐயையோ, சொந்தக்காரங்க கூடவே கூடாது. சொந்தம்னா பாசம் வரும். பாசம் வந்தா நடுநிலை போயிடும். ஒரு அம்மான்னா நடுநிலையா இருக்க வேணாமா?"

தன் மனைவி எப்போது நடுநிலையாக இருந்தாள் என்று டிரைவர் யோசித்துப் பார்த்தார். ஒரு சம்பவமும் நினைவுக்கு வரவில்லை.

"எங்ககிட்டயே பயிற்சி எடுத்த அம்மாங்க இருக்காங்க" என்று இயக்குநர் மணியை அடித்தார்.

வந்தவர் பழைய கோப்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அம்மையார். மூக்குக்கண்ணாடி, கைப்பை, கைப்பைக்குள் இன்னொரு கைப்பை. பலருக்கு அம்மாவாக இருந்தவர். ஆள் பற்றாக்குறையான ஒரு மாதத்தில் இரண்டு பேருக்கு மாமனாராகவும் இருந்திருக்கிறார். மாமனாராகத்தான் நல்ல பெயர் எடுத்தார் என்று பேச்சு. இனி நாம் அவரைப் பதில் அம்மா என்றே சொல்வோம். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மறுநாள் பதில் அம்மா பொறுப்பேற்க வீட்டுக்கே வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டார். கட்டிலில் படுத்திருப்பவர் தன் பெண்ணைத் திட்டும் உரிமை, புத்தி சொல்லும் உரிமை, சரி என்னும் உரிமை, முடியாது என்னும் உரிமை, 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லும் உரிமை ஆகிய சகலத்தையும் இன்று முதல் ஒப்படைக்கிறார்.

டிரைவரின் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எல்லாத்தையும் எடுத்துக்கோங்கம்மா. காலையில இவளை எழுப்புற உரிமையையும் சேர்த்துக்கோங்க. கத்திக் கத்தி எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. அந்த 'அப்பவே சொன்னேன்' மட்டும் எங்கிட்டயே இருக்கட்டுமே? இவர்கிட்ட அடிக்கடி தேவைப்படும்."

"பிரிச்சுக் குடுக்க முடியாதும்மா. குடுத்தா மொத்தமாத்தான்."

"சரி, ரெண்டு மூணு நாளைக்குத்தானே" என்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

"சாவி?" என்றார் பதில் அம்மா.

"என்ன சாவி?"

"பொறுப்பு மாறும்போது சாவி கைமாறணும். வழக்கம்."

வீட்டில் தேடி, பூட்டு தொலைந்துபோன ஒரு பழைய சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். பதில் அம்மா அதை உள் கைப்பையில் பத்திரப்படுத்தினார். போகும்போது டிரைவரிடம் தாழ்ந்த குரலில், "கட்டில்ல இருக்கறவங்களை நல்லா பாத்துக்கோங்க, பாவம்" என்றார். பெண் பக்கம் திரும்பி, "என்ன இது தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு? பின்னிக்கோ" என்றார். குரலில் இருந்த உரிமையைக் கேட்டு அவள் தன்னையறியாமல் பின்னிக்கொண்டாள்.

புதன்கிழமை பதிவு. டிரைவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். மாப்பிள்ளை எல்லோருக்கும் கொடுக்க பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தான். உள்ளே பதிவாளரின் மேசையில், துண்டு போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில், பொறுப்பு இயக்குநரே உட்கார்ந்திருந்தார். பதிவாளர் பயிற்சிக்குப் போயிருந்ததால் அவருக்கும் இவர்தான் பொறுப்பாம்.

"நல்லதாப் போச்சு சார், தெரிஞ்சவரா இருக்கீங்க" என்றார் டிரைவர்.

"நீங்க யாரு?" என்றார் அவர். பதிவாளர் பொறுப்பில் இருக்கும்போது இயக்குநர் பொறுப்பில் பழகியவர்களைத் தெரிந்திருக்கக் கூடாதாம். அது ஒழுங்கு.

தந்தையின் சம்மதம் ஒரு நொடியில் முடிந்தது. அடுத்து தாய். பதில் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, கடல்லயா வேலை?"

"ஆமாங்க."

"நீச்சல் தெரியுமா?"

மாப்பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவன். "தெரியாதுங்க. கப்பலுக்கு மிதக்கத் தெரியும்."

"எழுதிக்கோங்க சார்" என்றார் பதில் அம்மா. "நீச்சல் தெரியாதவனுக்கு என் பொண்ணைக் குடுக்க எனக்குச் சம்மதம் இல்லை."

பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த பியூன் மெல்லுவதை நிறுத்தினார்.

"அம்மா, நீங்க சம்மதம்னு சொல்லத்தானே வந்தீங்க?" என்றார் டிரைவர்.

"சம்மதம்னு மட்டும் சொல்றதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதுமே, நான் எதுக்கு? தலையாட்டிக்கிட்டே இருந்த ஒரு அம்மாவைப் போன வருஷம் பேனல்ல இருந்தே தூக்கிட்டாங்க. தனியா யோசிக்கிறதில்லைன்னு குறிப்பு எழுதிட்டாங்க. எனக்கும் பதவி உயர்வு வேணாமா?"

"நீங்க யாரு என் வாழ்க்கையில முடிவெடுக்க?" என்று பெண் சீறினாள்.

"பாத்தீங்களா? அம்மாவைப் பாத்து யாருன்னு கேக்குது. எல்லாம் இவர் குடுத்த செல்லம். நான் அப்பவே சொன்னேன்."

டிரைவர் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பக்கம் திரும்பினார். "சார், இந்த அம்மாவே வேணாம். ரத்து பண்ணிடுங்க."

"அதெல்லாம் பதிலாள் அலுவலகத்து இயக்குநர்கிட்ட கேக்கணும். இங்க வந்து சொன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். டிரைவர் பின்னாலேயே போனார். அவர் அங்கே மர நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்து, "அடடே, வாங்க! கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்டார்.

டிரைவர் நடந்ததையெல்லாம், நடந்தபோது கூடவே இருந்தவரிடம், ஆதியோடந்தமாகச் சொன்னார். இயக்குநர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க கஷ்டம் புரியுது. ரத்து பண்ணிடலாம். அம்மா ஸ்தானத்துல இருக்கறவங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்."

"இப்பவே வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துகிட்ட எழுதி வாங்கிட்டு வரேன் சார்."

"அவங்க எப்படி எழுத முடியும்? அவங்கதான் எல்லா அதிகாரத்தையும் குடுத்துட்டாங்களே. குடுத்ததைத் திரும்பக் கேக்குற அதிகாரத்தையும் சேர்த்துத்தானே குடுத்தாங்க? எழுத வேண்டியவங்க இப்ப பதில் அம்மா. அவங்களே அவங்களை வேணாம்னு எழுதிக் குடுக்கணும்."

"அவங்க எப்படி சார் எழுதுவாங்க?"

"எழுத மாட்டாங்க. இதுவரைக்கும் யாரும் எழுதினது இல்லை."

"சார், அவங்க எங்களைக் கேட்டுத்தானே செய்யணும்?"

இயக்குநரின் முகத்தில் ஒரு வாத்தியாரின் கருணை வந்தது. "இதுதான் எல்லாரும் பண்ற தப்பு. கேட்டுச் செய்யறவன் எடுபிடி. கேக்காம செய்யறவர்தான் பிரதிநிதி. இந்த வித்தியாசம் மட்டும் இல்லைன்னா நாங்க எல்லாம் எடுபிடி ஆயிடுவோம், யோசிச்சுப் பாருங்க. இந்த ஆபீஸ்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பு நடந்ததில்லை, தெரியுமா? செய்யச் சொன்னவர் ஒருத்தர், செஞ்சவர் ஒருத்தர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருத்தர். தப்பு வாசல் வரைக்கும் வரும். யாரைப் பாக்கணும்னு தெரியாம அதுவே திரும்பிப் போயிடும்."

டிரைவர் மனைவிக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, அவரிடம் நீட்டினார். அந்த முனையில் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"பெத்தவ பேசறேன்! எனக்குப் பரிபூரண சம்மதம்! எழுதிக்கோங்க!"

"யார் பேசறீங்க?"

"அம்மாய்யா, அம்மா!"

இயக்குநர் போனைக் கையால் பொத்திக்கொண்டு டிரைவரிடம் வருத்தத்தோடு சொன்னார்: "அந்தப் பதவி இப்ப காலி இல்லையே."

வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு" என்று அவள் கணவனைப் பார்த்தாள். பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டி வைத்திருந்த பெட்டியில் இருந்து ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்து அடுக்கியிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் தாய்க்கு வேடிக்கையெல்லாம் வடிந்துபோயிற்று. இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியாமல் இந்தப் பெண் ஒரு ரிப்பன்கூட வாங்கினதில்லை. இப்போது எங்கிருந்தோ வந்த ஒரு கைப்பைக்காரி முடியாது என்கிறாள், அது செல்லுகிறது. தான் சரி என்றால் செல்லவில்லை. அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"என்னங்க, நாளைக்கு நானே வரேன்."

"எப்படி வருவே?"

"தூக்கிட்டுப் போங்க. நாற்காலியிலதானே அவங்களுக்கு எல்லாமே? நானும் நாற்காலியிலயே வரேன்."

வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேசை நாற்காலியில் அவளை உட்கார வைத்து, டிரைவரும் அவருடைய கண்டக்டரும் பின்னால் பிடிக்க, மாப்பிள்ளை முன்னால் பிடித்து இறக்கினான். "மெதுவா தம்பி. நீச்சல் தெரியாட்டி பரவாயில்லை, படி தெரியுதா?" என்று அவள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் வேர்வையோடு சிரித்தான். பெண் மட்டும் சிரிக்கவில்லை.

அலுவலகத்தில் பதில் அம்மாவைக் காணோம். அக்காள் வீட்டு விசேஷத்துக்கு லீவில் போயிருந்தார். அவருடைய இடத்தில், மர நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு, பியூன் உட்கார்ந்திருந்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை.

"அந்தம்மா எங்கே?" என்றார் டிரைவர்.

"லீவு. நான்தான் பொறுப்பு அம்மா" என்றார் பியூன் கூச்சத்தோடு. பெண்ணைப் பார்த்து, "சாப்பிட்டியா கண்ணு?" என்றார்.

டிரைவரின் மனைவிக்கு நம்பிக்கை பிறந்தது. ஆள் நல்ல மாதிரியாகத் தெரிந்தார். "ஐயா, நீங்களாவது சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக்குக் கப்பல்."

"சொல்ல எனக்கும் ஆசைதாம்மா. நல்ல பையன், பிஸ்கட்டெல்லாம் குடுத்தான். ஆனா எனக்கு வந்தது தினசரி வேலை மட்டும்தான். சாப்பிட்டியான்னு கேக்கலாம், திட்டலாம். சம்மதம் சொல்றது கொள்கை முடிவு. அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குரலை உயர்த்தினாள். வாழ்க்கையில் எத்தனையோ கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை செய்த குரல் அது. "யோவ், இவ என் வயித்துல பொறந்தவ! இதோ நான், இதோ அவ! மூக்கைப் பாருங்கய்யா, ரெண்டு மூக்கும் ஒண்ணு!"

சத்தம் கேட்டுப் பொறுப்பு இயக்குநர் வந்தார். மாவுக்கட்டைப் பார்த்து உண்மையிலேயே மனம் இளகினார். முன்பே சொன்னேன், நல்ல மனிதர். மேசையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"ஒரு வழி இருக்கு. பியூனால சம்மதம் சொல்ல முடியாது. ஆனா தனக்குப் பதிலா இன்னொருத்தரைப் போட முடியும். ஆள் போடறது தினசரி வேலைதான். அவர் உங்களைப் போட்டுட்டார்னா, பதில் அம்மாவோட பொறுப்பு அம்மாவுக்குப் பதிலா நீங்க வந்துடுவீங்க. புது நியமனம்னா முழு அதிகாரம் உண்டு. சம்மதம் சொல்லலாம்."

"அவர்கிட்டயே இல்லாத அதிகாரத்தை அவர் எப்படி சார் இவளுக்குக் குடுப்பார்?" என்றார் டிரைவர்.

"எங்க ஆபீஸோட பலமே அதுதான்" என்றார் இயக்குநர்.

டிரைவரின் மனைவி கண்ணை மூடித் திறந்தாள். "எதுவோ ஒண்ணு. போடுங்க."

"ஒரே ஒரு உறுதிமொழி. வாய்விட்டுச் சொல்லணும். எல்லாரும் சொல்றதுதான்." அவர் வாசித்துக் காட்டினார். "'இந்த மணப்பெண்ணுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. இவளைப் பெற்றவளும் நான் இல்லை, வளர்த்தவளும் நான் இல்லை. இவள்மேல் எனக்குப் பாசம் கிடையாது.' அவ்வளவுதான். சொல்லிட்டா உடனே முடிச்சுடலாம்."

அவள் தாளை வாங்கித் தானே ஒரு முறை படித்துப் பார்த்தாள்.

"சொல்லாதம்மா" என்றாள் பெண். "கப்பல் போனா போகட்டும். ஒன்றரை வருஷம்தானே? நான் இருக்கேன்."

"நீ சும்மா இருடி."

"திட்டறது எங்கிட்ட இருக்கும்மா" என்று பியூன் மெல்ல நினைவுபடுத்தினார்.

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மூன்று மாடி சுமந்ததில் அவன் சட்டை இன்னும் காயவில்லை. பெண்ணைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. இயக்குநரின் பெரிய நாற்காலியில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்தப் பொண்ணுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. பெத்தவளும் நான் இல்லை. வளர்த்தவளும் நான் இல்லை."

"கடைசி வரி" என்றார் இயக்குநர்.

"பாசம் கிடையாது."

பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்தாள். டிரைவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருக்கு இந்தக் கட்டடத்தைப் பஸ்ஸை விட்டு இடித்தால் என்ன என்று தோன்றியது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. உறுதிமொழித் தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள், நியமனத் தாளில் பியூன் போட்டார். டிரைவரின் மனைவி, சம்பந்தமில்லாத ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னாள். இயக்குநர் அடுத்த அறைக்குப் போய்ப் பதிவாளர் ஆனார். நாற்காலியை அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் இவர்களை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்து, தாள்களைச் சரிபார்த்து, சான்றிதழில் முத்திரை குத்தினார். நீட்டப் போனவர் கையை அப்படியே நிறுத்தினார்.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் இருந்து தண்ணீர் தாரையாக வழிந்து மாவுக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

பதிவாளருக்குச் சந்தேகம் வந்தது. உறுதிமொழித் தாளை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார். "உறவு இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. பாசமும் இல்லைன்னு இருக்கு. அப்புறம் எதுக்கு அழறீங்க?"

சான்றிதழ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இவளோட அம்மாவால வர முடியலை சார். அவங்களுக்குப் பதிலா அழறேன்."

பதிவாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விதியில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

"அப்ப சரி" என்று சான்றிதழை நீட்டினார்.